சோலை வரி

மெல்பேர்னின் கிழக்கே ரோவிலில் டெஸ்மன்ட்டின் வீட்டைப் போலச் சூடான வீடு தமிழ்ச் சனத்துக்குள் வேறு இல்லை. வெளியே பனி விழுந்து புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். உள்ளே அவர் பெனியனும் சாரமுமாக உலாவுவார். வருகிறவர்கள் வாசலிலேயே ஜாக்கெட்டைக் கழற்றிக் கொளுவ வேண்டும். கழற்றி முடிப்பதற்குள் அவர் தொடங்கிவிடுவார். கூரைக்குள் குளிர் மறிக்கிற பஞ்சு, சுவருக்குள் பஞ்சு, அறைக்கு அறை சூட்டுக் காற்று, கராஜ் சுவரில் அலுமாரி அளவில் ஒரு பற்றரி. கரண்ட் பில்லை எடுத்துக்கொண்டு வந்து ஆட்களின் மூக்குக்கு நேரே பிடிப்பார். "எல்லாம் பிளானிங்" என்பார்.

மனைவி பேர்ளும் அந்தச் சூட்டை ஆசையோடுதான் அனுபவித்தாள். பொய் சொல்லி என்ன வரப்போகிறது. வயோதிபர் இல்லத்துக் குசினியில் நாள் முழுக்க நின்று, முழங்கால் இரண்டும் இறுகிப்போய் வருகிறவளுக்குக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிற வெதுவெதுப்பு பெரிய ஆறுதலாக இருந்தது. காசு எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. டெஸ்மன்ட் சனத்துக்கு வரிக் கணக்குச் செய்து கொடுக்கிறவர். ஜூலை தொடங்கினால் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமிருக்காது. அந்தக் காசாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

டெஸ்மன்ட்டுக்கு ஊருக்குள் நல்ல பேர். தமிழ்ப் பூசையில் முதல் வாசகம் அவர்தான் வாசிப்பார். குரல் அப்படி. பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதை அவர் வாசித்தால், பவுலடியாருக்கே அவர்தான் கணக்குப் பார்த்தாரோ என்று நினைக்கத் தோன்றும். ஆட்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை என்றால் அவரிடம் வருவார்கள். அவரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்பார்.

அவருடைய சித்தப்பா மகள் நேசமலர். மன்னார் பேசாலையிலிருந்து புருஷன் ஜசிந்தனோடும் கைக்குழந்தையோடும் படகில் வந்தவள். படகில் வந்தவர்களுக்கு இந்த நாட்டில் விசா தவணை முறையில்தான் கிடைத்தது. ஒரு தவணை முடிய இன்னொரு தவணை. நடுவில் விசாரணை, விண்ணப்பம், காத்திருப்பு. அப்படிப்பட்ட ஆட்களுக்கு எந்த பாங்க் வீட்டுக்குக் கடன் கொடுக்கும்? ஜசிந்தன் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட் அடித்து, முதலில் கட்ட வேண்டிய காசைச் சேர்த்தான். வீடு டெஸ்மன்ட், பேர்ள் இருவர் பேரிலும் வாங்கப்பட்டது.

இது நம் சனத்துக்குள் புதுமையில்லை. விசா இல்லாதவர் காசு போடுவார், விசா உள்ளவர் பேர் போடுவார். எழுத்தில் ஒன்றும் இருக்காது. சொந்தத்துக்குள் எழுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு. பாங்க் தவணையை மாதம் தவறாமல் நேசமலர் கட்டினாள். கவுன்சிலுக்குக் கட்டுகிற வீட்டு வரியையும் அவள்தான் கட்டினாள். இங்கே எல்லோரும் ரேட்ஸ் என்று சொல்கிற அந்த வரிக்கு ஊரில் சோலை வரி என்று பேர். நேசமலர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வாள். பில் டெஸ்மன்ட்டின் விலாசத்துக்குத்தான் வரும். அவர் போனில் தொகையைச் சொல்ல, அவள் அனுப்பிவைப்பாள். பில்லை அவள் கண்ணால் கண்டதில்லை.

போன வருஷம் அவர்களுக்கு நிரந்தர விசா கிடைத்தது. இனி வீட்டை அவர்கள் பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. நேசமலர் ஜாடையாகக் கேட்பாள். "எழுதுவம், எழுதுவம், என்ன அவசரம்" என்பார் டெஸ்மன்ட்.

மே, மாதாவின் மாதம். மன்னார்ப் பக்கத்துச் சனம் ஒவ்வொரு வருஷமும் மடு மாதாவின் சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய், போகிற வீட்டில் செபமாலை சொல்லும். அந்த முறை நேசமலரின் வீட்டுக்குச் சுரூபம் போன அன்று டெஸ்மன்ட்டிடம் வரிக் கணக்குக்கு யாரோ வந்துவிட்டார். பேர்ள் தனியாகப் போனாள்.

அந்த வீட்டுக்கு அவள் குளிர்காலத்தில் போனது குறைவு. போனாலும் வாசலோடு நின்று வந்திருக்கிறாள். அன்றைக்கு முழங்காலில் நின்றபோது கார்பெட்டுக்கு ஊடாக ஈரம் ஏறுவது போலிருந்தது. பலகை வீடு, ஜன்னல் ஓரங்களில் துவாய் சுருட்டி அடைத்திருந்தார்கள். செபம் சொல்கிறவர்களின் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது. ஒருவரும் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. வீட்டிலிருந்த ஒரேயொரு குட்டி ஹீற்றரை, வயதில் மூத்தவள் என்று பவளம் அக்காவின் காலடியில் வைத்திருந்தார்கள். பவளம் அக்கா அதை யாருக்கும் திருப்பவில்லை.

நேசமலரின் மகள் ஜெனோஜா மூலையில் இருந்து இருமிக்கொண்டேயிருந்தாள். அருள்நிறை மரியே பாதியில் நிற்கும், அவள் இழுப்புக்கான பம்பை உறிஞ்சுவாள், பிறகு எல்லோரோடும் சேர்ந்துகொள்வாள். பேர்ள் அவள் முதுகைத் தடவினாள். "ஐ'ம் ஓகே மாமி, இட்ஸ் ஜஸ்ட் த கோல்ட்" என்றாள் பிள்ளை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

செபம் முடிய பேர்ள் குசினிக்குப் போனாள். நேசமலர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சூடாக இருந்த ஒரே இடம் அந்த அடுப்படிதான்.

"இந்தக் குளிருக்குள்ள எப்பிடியடி இருக்கிறியள்?"

"பழகிப்போச்சு மச்சாள். பிள்ளைக்குத்தான் இழுப்பு விடுகுதில்லை. அது சரி, அந்தக் கவுன்சில் வேலைக்கு இன்னும் எவ்வளவு காலம் செல்லும் எண்டு அண்ணையைக் கேட்டுச் சொல்லுங்கோவன். நான் திருப்பித் திருப்பிக் கேட்டா அவருக்கும் அலுப்பு."

"என்ன கவுன்சில் வேலை?"

"தெரியாதோ? கூரைக்குப் பஞ்சு அடிச்சு, புது ஹீற்றர் பூட்டித் தாற திட்டம். லைப்ரரியில இங்கிலிஷ் வகுப்புக்குப் போகேக்க சொன்னவை. காசு ஒண்டும் கையில குடுக்கத் தேவையில்லை. கவுன்சிலே கட்டிப்போட்டுப் பத்து வருஷத்துக்குப் பிரிச்சுச் சோலை வரியோட எடுக்கும். வீட்டுக்காரர்தான் கையெழுத்து வைக்கவேணும் எண்டினம். அண்ணையிட்டச் சொன்னனான். அவர் உடனே ஓம் எண்டவர். நீங்களும் கையெழுத்து வைச்சிட்டீங்கள் எண்டு சொன்னவர்."

பேர்ளுக்கு அது நினைவு வந்தது. மாப் பிசைந்த கையோடு நின்றவளிடம் டெஸ்மன்ட் ஏதோ தாளை நீட்டி, விரலால் இடத்தைக் காட்டி, "இதில ஒருக்கா" என்றார். கையைத் துடைத்துவிட்டு அவள் வைத்தாள். வாசிக்கவில்லை. வாழ்க்கையில் அவர் நீட்டிய எதையும் அவள் வாசித்ததில்லை.

"அப்ப இன்னும் ஆக்கள் வரேல்லையோ?"

"வரேல்லை. எங்களுக்கு முன்னால நிறையப் பேர் வரிசையில நிக்கினமாம். ஆனா வரி கூட்டிப்போட்டினம். முதல் கட்டத் தொடங்கினாத்தானாம் முறை வரும். அண்ணை சொன்னவர்."

"கவுன்சிலால ஆரும் உம்மோட கதைச்சவையோ?"

"ஒரு பிள்ளை போன் எடுத்தவ. நல்ல பிள்ளை. வேலை எல்லாம் வடிவா முடிஞ்சுதோ, வீடு இப்ப சூடா இருக்கோ எண்டு கேட்டவ. நான் யெஸ், எவ்ரிதிங் வெரி குட், தாங்க் யூ வெரி மச் எண்டு சொல்லிப்போட்டன்."

பேர்ள் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒண்டும் நடக்கேல்லையே. பிறகேன் அப்பிடிச் சொன்னனீர்?"

நேசமலருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "என்ன மச்சாள் நீங்கள். கவர்மென்ட் ஆள் கேட்டா இல்லையெண்டு சொல்லலாமோ? இல்லையெண்டா ஏன் எண்டு கேப்பினம். பிறகு நீ ஆர், வீடு ஆற்ற பேரில, வாடகையோ எண்டு தோண்டுவினம். அண்ணையும் முதலே சொல்லி வைச்சவர், அவை எடுத்தா நல்லம் எண்டு மட்டும் சொல்லு, அப்பதான் பைல் நகரும் எண்டு."

எத்தனை அறையில், எத்தனை மேசைக்கு முன்னால் இருந்து அவள் அந்தப் பாடத்தைப் படித்திருப்பாள். அதிகாரி சிரித்தால் சிரிக்க வேண்டும். அதிகாரி முடிந்ததா என்று கேட்டால் முடிந்தது. அந்தப் பயத்தை டெஸ்மன்ட் நன்றாக அறிவார்; அவளுடைய விசா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரே அவர்தான். பேர்ளின் வீட்டுக் கூரைக்குள் ஆட்கள் ஏறிப் பஞ்சு பரப்பியதும், சுவரை வெட்டிக் குழாய் போட்டதும் அவள் கையெழுத்து வைத்துச் சில கிழமைகளுக்குள்தான். பூட்ட வந்தவன் டெஸ்மன்ட்டிடம் வரிக் கணக்குக் கொடுக்கிற ஆள். கூரைக்குள் எடுத்த படத்தைக் கவுன்சிலுக்கு அனுப்பியிருப்பான். எந்தக் கூரை என்று படத்தில் எழுதியா இருக்கும்.

"சாப்பிடுங்கோ மச்சாள்" என்று நேசமலர் ஒரு ரோலைக் கையில் வைத்தாள். பேர்ள் அதைத் திஷூவில் சுற்றி ஹான்ட்பாக்குக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. யாரோ வாயைத் திறந்து நேரே அவள் முகத்தில் மூச்சு விட்டது போலிருந்தது. டெஸ்மன்ட் சாப்பாட்டு மேசையில் பெனியனோடு இருந்து ஆட்டெலும்புக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மூளை எலும்பென்றால் உயிர். சாப்பாட்டுக் கோப்பையில் தட்டுவார், வாயில் வைத்து உறிஞ்சுவார், வராவிட்டால் கரண்டிக் காம்பால் குத்தி எடுப்பார்.

"செபம் நல்லா நடந்ததோ?"

பேர்ள் கதிரையை இழுத்துப் போட்டு முன்னால் இருந்தாள். "இந்த வீட்டுக்குப் பூட்டின சாமானெல்லாம் நேசமலரின்ர சோலை வரியிலயோ ஏறியிருக்கு?"

அவர் உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. எலும்பைச் சுற்றிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று கண்டு, அதையும் எடுத்தார். பிறகு வாயைத் துடைத்தார். மறுப்பார், சத்தம் போடுவார் என்று பேர்ள் எதிர்பார்த்தாள். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை.

"அவளின்ர இல்லை. அந்த வீட்டின்ர. அந்த வீடு எங்கட பேரில. எங்கட வீட்டுக்கு நாங்கள் எடுத்த கடன், எங்கட மற்ற வீட்டில பூட்டியிருக்கு. அவ்வளவுதான்."

"கட்டுறது அவள்."

"பேர்ள், நீர் கணக்குத் தெரியாமல் கதைக்கிறீர். இவ்வளவு வருஷம் என்ர பேரைக் குடுத்து வைச்சிருந்தனான். அந்த வீடு என்ர தலையில இருந்தபடியாலதான் எனக்கு இன்னொரு வீடு வாங்க பாங்க் கடன் தரேல்லை. அந்த நட்டத்தை ஆர் தாறது? ஒரு சதம் வாடகை கேட்டனானோ? கொமிஷன் கேட்டனானோ? வெள்ளைக்காரனெண்டா பேருக்கு எவ்வளவு கேட்டிருப்பான் தெரியுமோ?"

"அவளுக்கு நீங்கள் சொல்லிப்போட்டு எடுத்திருக்கலாம்."

"சொன்னா மனவருத்தம் வரும். இது ஒருவருக்கும் நோகாத வழி. இந்தத் திட்டத்தின்ர வடிவே அதுதான். கடன் ஆளுக்கில்லை, காணிக்கு. காணி ஆற்ற பேருக்குப் போகுதோ அவையோட கடனும் போகும். வீட்டை எழுதிக் குடுக்கேக்க அதுவும் சேர்ந்து போயிடும், எங்கட பேரில ஒரு தூசி மிஞ்சாது." அதைச் சொல்லும்போது அவருக்கே ஒரு ரசனை வந்தது. பூசையில் வாசிக்கிற குரல் வந்துவிட்டது.

"அவளுக்குத் தெரியவந்தா?"

"வரட்டும். வீடு எழுதி முடியிற வரைக்கும் அவள் வாய் திறக்கமாட்டாள். எழுதி முடிஞ்ச பிறகு வாய் திறந்து என்ன? கவுன்சிலுக்கு எல்லாம் வெரி குட் எண்டு சொன்னது அவள்தானே." சொல்லிவிட்டு அவர் அடுத்த எலும்பை எடுத்தார்.

பேர்ளுக்குக் கோபம் வந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள். இது கோபமில்லை. சமைத்த சோற்றுக்குள் எதையோ கண்டுவிட்டு, அதற்கு முன்பே பாதிக் கோப்பை சாப்பிட்டாயிற்று என்று தெரிகிற மாதிரி ஒன்று. அவளும்தானே இந்தச் சூட்டில் முழங்காலை நீட்டிப் படுத்தாள்.

அதற்குப் பிறகு அவளால் அந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அவள் போய் ஹீற்றரை நிறுத்துவாள், அவர் பின்னால் வந்து போடுவார். அவர் சாப்பிடுகிற சத்தம், தொண்டையைக் கனைக்கிற சத்தம், கட்டிலில் திரும்புகிற சத்தம், எல்லாமே அவளுக்குக் குமட்டின. ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையேறி, விதவையையும் அநாதையையும் அந்நியனையும் ஒடுக்காதே என்று அழகாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பூசை முடிய ஆட்கள் வந்து கையைக் குலுக்கினார்கள். பேர்ள் காருக்குள் போய் இருந்துவிட்டாள். நேசமலருக்குப் போன் எடுக்க எத்தனையோ தரம் நினைத்தாள். எடுத்து என்ன சொல்வது? உன் அண்ணன் கள்ளன், நான் கள்ளனின் பெண்சாதி, உன் பிள்ளையின் இழுப்பில் நாங்கள் குளிர் காய்கிறோம் என்றா?

மாதத்தின் கடைசி நாள் சுரூபம் டெஸ்மன்ட்டின் வீட்டுக்கு வந்தது. கடைசி நாளை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். சனம் நிறைந்துவிட்டது. வாசலில் ஜாக்கெட்டுகள் குவிந்தன. எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு, "அப்பாடா, வீடெண்டா இது" என்றார்கள். ஜெனோஜா காற்று வருகிற வாய்க்கு நேரே போய் இருந்தாள். அன்றைக்கு அவள் இருமவில்லை. செபமாலையின் முதல் பத்து மணியிலிருந்து ஐந்தாவது பத்து வரைக்கும் அந்தப் பிள்ளை ஒரு தரம் இருமுவாளா என்று பேர்ள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை. நன்றாக மூச்சு விட்டாள். பேர்ளால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

செபமாலை முடிய விசுவாசிகள் மன்றாட்டு. ஒவ்வொருவராக ஒரு மன்றாட்டைச் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். பவளம் அக்கா தன் மகனின் வேலைக்காக மன்றாடினாள். யாரோ ஊரில் சுகமில்லாத தாய்க்காக மன்றாடினார். டெஸ்மன்ட் உலக சமாதானத்துக்காக மன்றாடினார். பிறகு பேர்ள் வாய் திறந்தாள்.

"இந்த வீட்டு ஹீற்றருக்காகவும், கூரைப் பஞ்சுக்காகவும், பற்றரிக்காகவும் தன்ர சோலை வரியில காசு கட்டுற நேசமலருக்காக மன்றாடுவோம். அது தன்ர வீட்டுக்கு எண்டு நம்பித்தான் அவள் கட்டுறாள். அவளை ஏமாத்தின எங்கள் இரண்டு பேருக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது. வாய் சொல்லி முடிந்த பிறகுதான் காது கேட்டது. ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது.

டெஸ்மன்ட் சிரிக்கப் பார்த்தார். "இவவுக்குக் கொஞ்ச நாளாப் பிரஷர்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவுமில்லை. பவளம் அக்கா தரையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவர் செபமாலையைப் பெட்டிக்குள் வைத்தார். அந்த முகங்களைப் பார்க்கப் பேர்ளுக்கு ஒன்று விளங்கியது. பாதிப் பேருக்கு இது புதினமில்லை. பூட்ட வந்தவனே எங்கேயாவது சொல்லிச் சிரித்திருப்பான். தெரிந்துகொண்டுதான் வந்து, ஜாக்கெட்டைக் கழற்றி, வீடெண்டா இது என்றார்கள்.

ஜசிந்தன் எழுந்தான். கோழி வெட்டி வெட்டிப் பெருத்த கை இரண்டையும் பொத்திக்கொண்டு டெஸ்மன்ட்டின் பக்கம் ஒரு அடி வைத்தான். நேசமலர் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து இருத்திவிட்டுத் தான் எழுந்தாள்.

"ஏமாத்தினது ஒண்டுமில்லை" என்றாள். "நாங்கள்தான் அண்ணையைப் பூட்டச் சொன்னனாங்கள். அண்ணை எங்களுக்குச் செய்ததுக்கு இது ஒரு கைம்மாறு. மச்சாளுக்கு விஷயம் தெரியாது. அண்ணை, நீங்கள் மனசில வைச்சிருக்காதேங்கோ."

டெஸ்மன்ட் இரண்டு கையையும் விரித்தார். பார்த்தீர்களா என்ற மாதிரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். சனத்துக்கு மூச்சு வந்தது. யாரோ மாதா பாட்டைத் தொடங்கினார்கள். எல்லோரும் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார்கள். பாட்டு முடிய ரோல்ஸும் பற்றிஸும் சுற்றி வந்தன. ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பவளம் அக்கா வாயில் பற்றிஸோடு பேர்ளிடம் வந்து, "குடும்ப விஷயத்தைச் செபத்துக்குள்ள கொண்டுவரக் கூடாது பிள்ளை" என்று புத்தி சொன்னாள்.

ஜாக்கெட்டுகள் குவிந்திருந்த இடத்தில் நேசமலர் மகளுக்குச் சிப் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பேர்ள் கிட்டப் போனாள். நேசமலர் நிமிரவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும் மச்சாள். போன மாதம் இஞ்ச வந்து இந்தச் சூட்டுக்குள்ள இருந்தபோதே விளங்கிட்டுது. அண்டைக்கு ஒண்டும் தெரியாத மாதிரி உங்களிட்டக் கேட்டது, நீங்கள் அவரிட்டத் தனியாக் கதைச்சு வீட்டை எழுதுவிப்பியள் எண்டுதான். நீங்கள் என்னடாவெண்டா மைக் இல்லாத குறைதான். உங்களுக்கு மனப்பாரம் இறங்கியிருக்கும். வீடு எழுதேல்லையெண்டா நான் இந்தப் பிள்ளையோட எங்க போறது?"

அவள் சொன்னது அத்தனையும் சரி. காருக்குப் போகிற வழியில் பிள்ளை இருமத் தொடங்கியது கேட்டது.

சனம் போன பிறகு டெஸ்மன்ட் கதிரையில் சாய்ந்து, காலை நீட்டினார். "பார்த்தீரோ? அவளே சொல்லிப்போட்டாள். இனி அந்த வீடு எழுதுற விஷயத்தையும் நான் ஆறுதலா யோசிக்கத்தான் வேணும். இவ்வளவு அவமானத்துக்குப் பிறகு."

பேர்ள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"நாளைக்குக் காலமை நான் கவுன்சிலுக்குப் போறன். போய், நானும் என்ர புருஷனும் பொய்க் கையெழுத்து வைச்சு உங்கட காசில எங்கட வீட்டைச் சூடாக்கினனாங்கள், வந்து கூரைக்குள்ள ஏறிப் பாருங்கோ எண்டு சொல்லப்போறன். எனக்கு என்ன தண்டனையோ தரட்டும். நான் குசினியில கோப்பை கழுவுறவள், என்ர வேலை போகாது. உங்கட வரிக் கணக்கு லைசென்ஸ் என்ன ஆகுமெண்டு எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் கணக்குப் பாக்கவேணும்."

"உமக்கு விசர்."

"ஓம். அந்தச் சோலை வரிக் கடன் முழுக்க நீங்கள் கட்டி முடிக்கவேணும். கட்டின கையோட லோயரிட்டப் போய் வீட்டை எழுதவேணும். இரண்டும் நடந்தா நான் போகமாட்டன்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பார்க்காமல் விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவர் முகம் வெளிறியது. செய்தது பிழை என்று வெளிறியதில்லை. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று வெளிறியது. அதைக் கண்டதும் பேர்ளுக்கு மிச்சமிருந்த கொஞ்ச இரக்கமும் போய்விட்டது.

கட்டினார். பிரான்சில் லூர்து மாதாவிடம் போவதற்கென்று இருவரும் சேர்த்து வைத்திருந்த காசு அதற்குச் சரியாகப் போனது. குளிர்காலம் முடிவதற்குள் வீடு ஜசிந்தன், நேசமலர் பேருக்கு மாறியது. வீடு தன் பேருக்கு வந்ததும் நேசமலர் தானே கையெழுத்து வைத்து, அதே திட்டத்தில், தன் கூரைக்குப் பஞ்சு அடிப்பித்தாள். இந்த முறை பூட்டினதும் அவள் வீட்டில்தான், கட்டினதும் அவள்தான். பேர்ளுக்கு இது பவளம் அக்கா சொல்லித்தான் தெரியும். அன்றைய மன்றாட்டுக்குப் பிறகு நேசமலர் அவளோடு கதைப்பதில்லை.

பங்குச் சுவாமி வந்து நேசமலரின் வீட்டை ஆசீர்வதிக்கிற மந்திரிப்புக்கு அழைப்பு வந்தது, டெஸ்மன்ட்டின் போனுக்கு. பேர்ளும் போனாள், போகாவிட்டால் அதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். சுவாமி தீர்த்தம் தெளித்து முடிய, பேசச் சொல்லி டெஸ்மன்ட்டைக் கூப்பிட்டார்கள். அவர் தொண்டையைக் கனைத்தார். படகில் வந்த தங்கச்சிக்குத் தன் பேரைக் கொடுத்ததைச் சொன்னார். லூர்துக்குப் போகிற காசை அவளுடைய வீட்டுக் கடனுக்குக் கொடுத்ததைச் சொன்னார். "மாதா கோயிலில இல்லை, இப்பிடியான வீட்டிலதான் இருக்கிறா" என்றார். ஒவ்வொன்றும் உண்மை. கேட்ட சனம் கண்ணைத் துடைத்தது.

நேசமலர் ஒரு பொன்னாடையைக் கொண்டுவந்து அண்ணனுக்குப் போர்த்தினாள். ஜசிந்தன் கை தட்டவில்லை, ஆனாலும் பக்கத்தில் நின்று படத்துக்கு முகம் கொடுத்தான். வீடு வெதுவெதுப்பாக இருந்தது. பேர்ள் குசினி வாசலில் நின்று பார்த்தாள். நேசமலர் ஒரு தரம் இந்தப் பக்கம் திரும்பினாள். கண் பேர்ளில் நிற்காமல் கேக் வெட்டுகிற மேசைக்குப் போனது.

காரில் வரும்போது டெஸ்மன்ட் பொன்னாடையைக் கழற்றவில்லை. "நல்லது செய்தா சனம் மறக்காது, என்ன?" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. மனதார நம்பிவிட்டார்.

அடுத்த நாள் அவர் வேலைக்குப் போன பிறகு பேர்ள் அந்தப் பொன்னாடையை எடுத்துக் குசினி நிலத்தைத் துடைத்தாள். நைலோன் துணி. தண்ணீரை உறிஞ்சவில்லை, இந்தப் பக்கத்து அழுக்கை அந்தப் பக்கம் தள்ளியது. அவள் அதைக் குப்பை வாளியில் போட்டுவிட்டுப் பழைய துவாயை எடுத்தாள்.